உப்புக்கிணத்துச் சந்தில் ஒத்திக்கு விட்ட வீடு

ஒரே வீட்டில ரெண்டு குடும்பம் மூணு வருசம் உள்ள ஒருத்தரை ஒருத்தர் கண்ணால பார்க்காம குடியிருந்தாங்கன்னு சொன்னா, வெளியூர்க்காரங்க என்னை ஏற இறங்கப் பார்க்கிறாங்க. பார்த்துட்டுப் போகட்டும், அந்த ரெண்டு குடும்பத்தையும் கொண்டுவந்து விட்டவன் நான், ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கினவன் நான், எனக்குத் தெரியாததை அவங்க என்னத்தக் கண்டாங்க. என் பேரு சோலைமலை. மதுரையில வீட்டுத் தரகு பார்க்கிறேன். பார்த்தேன்னு சொல்லணும், இப்ப விட்டுட்டேன்.

உப்புக்கிணத்துச் சந்துல செண்பகவல்லியக்காவுக்கு அஞ்சு போர்ஷன் உள்ள ஒரு காம்பவுண்டு. வாசல்கிட்ட இருக்கிற முதல் போர்ஷன்ல அக்காவும் மக தமயந்தியும், மிச்சம் நாலும் வாடகைக்கு. அக்கா வீட்டுக்காரர் மில்லுல ஃபிட்டரா இருந்து, ஓவர்டைம் பார்த்துப் பார்த்து, ஒரு ஒரு போர்ஷனாக் கட்டினது. அவர் போய்ப் பத்து வருசத்துல மழைத்தண்ணி தளத்துல இறங்கி, மூணாம் நம்பர் போர்ஷன்ல காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டி, ஒரு நாள் மத்தியானம் கொதிக்கிற பருப்புச் சட்டிக்குள்ள சிமெண்டுக் கட்டி விழுந்ததும், குடியிருந்தவங்க அந்த வாரமே காலி பண்ணிட்டாங்க. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துட்டு மூன்றரை லட்சம்னாரு.

அக்காகிட்ட மூன்றரை ஆயிரம் கிடையாது. கழுத்துல கிடந்தது அடகுக்கடையில கிடந்துச்சு. மகளிர் குழுவுல ரெண்டு கடன் ஓடுது, மூணாவது கேட்டா மத்த பொம்பளைங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க. பேங்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அக்கா தன் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாங்க, அவன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், அந்தக் கடன் இவங்க பேர்ல நின்னு நின்னு, பேங்குப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுச்சு, ஐநூத்திப் பதினொண்ணுன்னு ஒரு நம்பர்.

"இது என்னம்மா, பஸ் நம்பரா?"ன்னு அக்கா கேட்டாங்க.

"உங்க சிபில் ஸ்கோர்மா. எழுநூறாவது இருக்கணும். இதுக்கு எங்கேயும் கடன் கிடைக்காது."

வெளிய வந்து வெயில்ல நின்னு அக்கா சொன்னாங்க, "யார்கிட்டயும் கைநீட்டிப் பிச்சை வாங்கினதில்லை சோலை. அவர் கட்டின வீடு என் கண்ணு முன்னாடி விழக்கூடாது, அம்புட்டுத்தான்." அப்ப நான்தான் ஒத்தியைச் சொன்னேன். எங்க ஊர்ல இது புதுசு இல்லை: குடிவர்றவங்க ஒரு தொகையை மொத்தமாக் கையில கொடுத்துருவாங்க, மாச வாடகை கிடையாது, மூணு வருசம் இருந்துட்டுப் போகும்போது வட்டி இல்லாம அதே தொகையைத் திருப்பி வாங்கிட்டு, சாவியை வீட்டுக்காரங்க கையில கொடுத்துட்டுப் போவாங்க. இருபது ரூபாய்ப் பத்திரம், ரெண்டு கையெழுத்து, ரெண்டு சாட்சி. பேங்குக்காரன் நம்பர் பார்ப்பான், ஒத்திக்காரன் வீட்டைத்தான் பார்ப்பான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலை பார்க்கிற பரமசிவம் மூன்றரை லட்சம் கொடுத்தார். தளத்தைப் பிரிச்சா, கீழ இருந்த கம்பி மொத்தமும் துரு; பணம் ஆத்துல கரைச்ச புளியாப் போச்சு, பாதி வேலையில கொத்தனார் கையைக் கழுவிட்டு நின்னாரு. நாலாம் நம்பர்ல இருந்தவரு ஆவணியில காலி பண்றேன்னு சொல்லியிருந்தாரு. அதை நம்பி அக்கா இன்னொரு குடும்பத்துக்கிட்ட மூணு லட்சம் வாங்கினாங்க. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்த இசக்கியம்மா, லேப்ல வேலை. அதுக்கு மூணாம் நம்பர்ல போடப்போற புது டைல்ஸ்தான் பிடிச்சிருந்துச்சு. சரி, மூணாம் நம்பர்னே எழுதுவோம், வந்த பெறகு நாலுக்கு மாத்தி விட்டுக்கலாம்னு நான் எழுதினேன். நாலாம் நம்பர்க்காரர் ஆவணி வந்ததும், பொண்டாட்டி மாசமா இருக்கா, இப்ப வீடு மாறக்கூடாதுன்னு உட்கார்ந்துட்டாரு.

அந்த ஆவணியில நல்ல முகூர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான். பரமசிவமும் இசக்கியம்மாவும் ஆளுக்கொரு ஜோசியர்கிட்ட நாள் கேட்டு, ரெண்டு பேரும் அதே வியாழக்கிழமை, அதே ஒன்பது மணிக்குப் பால் காய்ச்ச வந்து நின்னாங்க. புது வீட்டுக்குப் போறவங்க முதல்ல பால் காய்ச்சணும், அது பொங்கி வழியணும், வழிஞ்சாத்தான் வீடு அவங்களை ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு நமக்கு அடி விழும்னு நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடத் தயாரா நின்னேன். பரமசிவம் சம்சாரம் பால் சட்டியோட உள்ள போச்சு. பின்னாடியே இசக்கியம்மா பால் சட்டியோட உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து ஒரு குலவைச் சத்தம், அது அடங்குறதுக்குள்ள வேற குரல்ல இன்னொரு குலவைச் சத்தம். பெறகு பரமசிவம் சம்சாரம் டம்ளர்ல பால் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துச்சு, இசக்கியம்மாவும் டம்ளர்ல பால் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துச்சு, ரெண்டு பேரும் வாசல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "நீங்க எந்த போர்ஷன்?"னு கேட்டுக்கிட்டாங்க. நான் ரெண்டு டம்ளரையும் குடிச்சேன். ரெண்டுலயும் சீனி சரியா இருந்துச்சு.

சந்து இதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேட்டா, தண்ணி லாரி வந்தா குடத்தை எடுத்துக்கிட்டுப் போற மாதிரி எடுத்துக்கிச்சு. முறை என்னன்னு ஒரே மாசத்துல எல்லாருக்கும் பிடிபட்டுப் போச்சு. பரமசிவம் கூட உள்ள போனா பரமசிவம் வீடு தெரியும், அவரோட பீரோ, அவரோட டிவி. இசக்கியம்மா கூட உள்ள போனா இசக்கியம்மா வீடு, அதோட தொட்டில். பத்திரத்துல பேர் இல்லாதவன் தனியாப் போனா ஒண்ணும் தெரியாது, சுண்ணாம்பு அடிச்ச வெறும் வீடுதான் நிக்கும்; எங்கேயோ குழாய் சொட்டுற சத்தம் மட்டும் கேட்கும், குழாயைப் பார்த்தா சொட்டாது. அந்த வெறும் வீட்டில ஒரு பொருளை யாருக்குன்னு நினைச்சு வச்சாலும் அவங்ககிட்ட போய்ச் சேர்ந்துரும்: தபால்காரர் கடுதாசியைத் தரையில போட்டுட்டுப் போவாரு, கேஸ்காரர் பில்லை வச்சுட்டுப் போவாரு, திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள இருக்காது. பரமசிவத்தோட செத்துப்போன அப்பா பேருக்கு வந்த ஒரு கடுதாசி மட்டும் போட்ட இடத்துலயே கிடந்துச்சு. கரண்ட் பில் மட்டும் ஒண்ணா வந்துச்சு, பாதிப் பாதி கட்டிக்கிட்டாங்க. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஐநூறு தலைக்கட்டு வரி, இது ஒரு வீடா ரெண்டு வீடான்னு கமிட்டியில ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசி, பால் ரெண்டு தடவை பொங்கினதால ரெண்டு வீடுன்னு முடிவாச்சு.

பெறகு என் வீட்டு வாசல்ல கூட்டம். சந்துல ஒழுகாத தளம் யாருக்கு இருந்துச்சு, பேங்க்ல நம்பர் யாருக்கு நல்லா இருந்துச்சு? ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே போர்ஷனை ரெண்டு பேருக்கு ஒத்திக்கு விட்டாங்க, ஒரு தொகையில தளம், இன்னொரு தொகையில டைல்ஸ், பெயிண்ட், கிரில்லு. ரெண்டே வருசத்துல உப்புக்கிணத்துச் சந்து கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு. அக்காவும் மிச்ச மூணு போர்ஷனைக் காலி பண்ண வச்சு, அதே மாதிரி ரெண்டு ரெண்டாக் கொடுத்துப் புதுப்பிச்சாங்க. முதல் போர்ஷன், தானும் மகளும் இருக்கிறது, அதை மட்டும் தொடலை.

கெட்டது ஒண்ணும் நடக்கலையான்னு கேட்பீங்க. நடந்துச்சு, நாங்கதான் அதைக் கெட்டதுன்னு எடுத்துக்கலை. ஒரு மாசத்துக்கு வாங்கின உப்பு பதினஞ்சு நாள்ல தீர்ந்துச்சு. விளக்குக்கு ஊத்தின எண்ணெய் பாதியிலயே வத்துச்சு. பரமசிவம் சம்சாரம் கூட்டி அள்ளின முடி தன்னோட முடி இல்லைன்னு சொல்லுச்சு, தன் தலையில நரை இல்லையேன்னுச்சு. பேராசைப்பட்டு ஒரு மளிகைக்கடைக்காரர் தன் வீட்டுக்கு மூணாவது பத்திரம் போட்டாரு. அந்தப் பால் பொங்கவே இல்லை, அடிப்பிடிச்சுக் கருகி, சட்டி ஓட்டையாச்சு. அன்னைக்கு அந்த வீட்டில இருந்த மூணு குடும்பமும் உள்ள இருந்து வாசல் எங்க இருக்குன்னு தெரியாம ஒரு பகல் முழுக்கத் தடவிக்கிட்டு இருந்தாங்க. வெளிய வந்தவங்க யாரும் அதைப் பத்திப் பேசலை. அதுக்குப் பெறகு மூணாவது பத்திரத்துக்கு யாரும் போகலை.

மூணு வருசம் முடிஞ்சுது. இசக்கியம்மா இன்னும் மூணு வருசம் இருக்கேன்னுச்சு, பரமசிவம் வந்து, ஊர்ல இடம் வாங்கிட்டேன், தொகையைக் கொடுங்கன்னாரு. ஒத்தியில அதுதான் சூட்சுமம்: ஒருத்தனுக்குத் திருப்பிக் கொடுக்க இன்னொருத்தன்கிட்ட வாங்கணும். வழக்கமா புது ஆளைப் பிடிச்சா கணக்கு நேராயிரும், ஆனா அந்த வருசம் சந்துல இருந்த மத்தவங்களுக்கும் மூணு வருசம் அடுத்தடுத்து முடிய, அத்தனை வீட்டுக்காரங்களும் ஆள் தேட, மதுரையில இருந்த ஒத்திக்காரங்க எல்லாம் வேற ஏரியா பார்த்துப் போயிட்டாங்க. முடி விசயம் வெளிய பரவியிருக்கும்னு நினைக்கிறேன். அந்தப் பேச்சுப் படாம அக்காகிட்ட மிச்சம் இருந்தது தான் குடியிருக்கிற முதல் போர்ஷன் ஒண்ணுதான்.

"உங்க வீட்டில நீங்க பாட்டுக்கு இருங்கக்கா, வர்றவங்க அவங்க பாட்டுக்கு இருப்பாங்க"ன்னு நான் சொன்னேன்.

தமயந்தி அப்ப ஸ்கேன் சென்டர்ல வரவேற்புல இருந்துச்சு. இருபத்தாறு வயசு, அம்மாவைப் போலவே ரோசக்காரி. "முகம் தெரியாதவன் நான் படுக்கிற இடத்துலயே படுத்திருப்பான், நான் அவனைப் பார்க்க மாட்டேன், இல்லையா மாமா? நல்லா இருக்கு உங்க யோசனை. வேற ஆள் வேணாம். என் சம்பளத்துக்கு பேங்க்ல கடன் தர்றேங்கிறாங்க, என் நம்பர் எழுநூத்தி எண்பது. நான் வாங்கித் தர்றேன். பரமசிவம் மாமாவுக்குக் கொடுத்து அனுப்புங்க."

அந்த எடத்துலதான் எல்லாம் போச்சு. அக்கா அதை வாங்கிட்டுப் பேசாம இருந்திருக்கலாம். மக காசு தானே, பெத்த வயித்துக்கு மக காசு பாவமா? ஆனா அக்கா கேட்கலை. "நாளைக்கு இவ கட்டிக்கிட்டுப் போற வீட்டில, உங்கம்மா உன் சம்பாத்தியத்தை முழுங்கினான்னு ஒரு சொல்லு வரக்கூடாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. சோலை, ஒரு பத்திரம் எழுது. முதல் போர்ஷனை இவளுக்கு ஒத்திக்கு விடுறேன், மூன்றரை லட்சம், மூணு வருசம். முறைப்படி வாங்கி முறைப்படி கொடுப்பேன்."

"அம்மா, என்னம்மா இது, சிரிப்பாங்க"ன்னுச்சு தமயந்தி.

"சிரிக்கட்டும். பிச்சைன்னு சொல்லாம இருந்தாச் சரி."

எனக்குத் தெரியாதான்னு கேட்காதீங்க. சந்து முழுக்கப் பத்திரம் எழுதினவனுக்குத் தெரியாதா? எடுத்த பேனாவை ஒரு தடவை மூடித் திரும்பப் பையில வச்சேன். இருந்தாலும் மத்தவங்க எல்லாம் அந்நியங்க, இது தாயும் மகளும், ரத்தம் அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு எழுதினேன். தாய்கிட்டயும் கமிஷன் வாங்கினேன், மகள்கிட்டயும் கமிஷன் வாங்கினேன். மனுசனா நான்?

பேருக்காவது பால் காய்ச்சுன்னு அக்காதான் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில தமயந்தி அடுப்பைப் பத்த வச்சுது, நான் அது பின்னாடி நின்னேன், அக்கா பக்கத்துல நின்னு, "தீயைக் குறை, தீயைக் குறை"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பால் ஏறி விளிம்பைத் தொட்டு வழிஞ்சுது. சீனி டப்பாவை எடுக்க அக்கா அலமாரிப் பக்கம் திரும்பினாங்க. அலமாரியே இல்லை. அக்காவும் இல்லை. அக்கா கட்டில், அவங்க வீட்டுக்காரர் போட்டோ, தையல் மிசின், எல்லாம் இருந்த இடம் வெறுஞ்சுவரா இருந்துச்சு. தமயந்தி கரண்டியைப் பிடிச்சபடி, "அம்மா சீனி"ன்னு கையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

வாசலுக்கு ஓடினோம். அக்காவும் அதே வாசல்ல இருந்து வெளிய வந்து, "எங்கடி போன, பாலைக் காணோம்"னாங்க.

அன்னையில இருந்து தாயும் மகளும் வெளியதான் பார்த்துக்கிட்டாங்க. ஒண்ணா உள்ள போவாங்க, நிலையைத் தாண்டினதும் ஆளுக்கொரு வீடு. ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பார்த்தாங்க, உள்ள போனதும் கை வெறுங்கையா இருந்துச்சு. அக்கா சாப்பாட்டைத் தட்டுல போட்டு மூடி வைப்பாங்க, காலையில அது அப்படியே காய்ஞ்சு கிடக்கும்; வெறும் வீட்டுக்கும் உள்ளுக்கும்தான் பொருள் போய் வரும், வீட்டுக்கு வீடு போகாது. நிலைக்கு வெளிய அடிபம்புகிட்ட ஸ்டூல் போட்டு ரெண்டு பேரும் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டாங்க. சந்து அதையும் ஏத்துக்கிச்சு. போறவங்க வர்றவங்க, "என்ன இன்னைக்குக் குழம்பு?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

"பணமே வேணாம்மா. சாவியை வாங்கிக்கோ, முடிஞ்சுது"ன்னு தமயந்தி தினமும் சாவியை நீட்டும்.

"கொடுத்த காசைத் திருப்பாம சாவியை வாங்கினா அதுக்குப் பேரு என்ன? மாவு விக்கிறேன்ல, சேர்த்துருவேன்."

அக்கா இட்லி மாவு ஆட்டி வித்தாங்க. ஒரு வருசத்துல நாப்பத்தோராயிரம் சேர்த்தாங்க. அதை எனக்குக் காட்டும்போது அந்த முகத்துல இருந்த பெருமை இருக்கே, அதை நினைச்சா இன்னைக்கும் சோறு இறங்கலை.

போன மாசி மாசம், ஒரு திங்கக்கிழமை காலையில அக்கா அடிபம்புக்கு வரலை. மாவு வாங்க வந்தவங்க தூக்குவாளியோட நின்னுட்டுத் திரும்பிப் போனாங்க. தமயந்தி என் வீட்டுக்கு ஓடி வந்துச்சு. "மாமா, நேத்துச் சாயங்காலம் உள்ள போனாங்க. இன்னும் வெளிய வரலை."

தமயந்தி கூட உள்ள போனேன், தமயந்தி வீடுதான் தெரிஞ்சுது. வெளிய வந்து நான் தனியாப் போனேன், வெறும் வீடு, குழாய்ச் சத்தம். அக்கா வீட்டைப் பார்க்க அக்கா கூடத்தான் போகணும், அக்கா உள்ள இருந்தாங்க. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து பின்சுவரை இடிச்சோம். இடிச்ச ஓட்டை வழியாவும் வெறும் வீடுதான் தெரிஞ்சுது. கொஞ்சம் தாள், பென்சில், தண்ணி பாட்டில், மூணையும் அக்காவுக்குன்னு நினைச்சு அடுப்படித் தரையில வச்சுட்டுத் திரும்பினேன். மறைஞ்சுது. கொஞ்ச நேரத்துல ஒரு தாள் மட்டும் தரையோட தேய்ச்சுக்கிட்டு என் காலடிக்கு வந்துச்சு. கோணல் கோணலா எழுத்து: வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு போச்சு. எந்திரிக்க முடியலை. தமயந்தி சாப்பிட்டாளா.

வாசல்ல நின்ன தமயந்தி அதை வாங்கிப் படிச்சுட்டு, உடனே சாவியை என் கையில வச்சுது. "ராத்திரி அதே அடுப்படியில நின்னு தோசை சுட்டேன் மாமா. அவங்க மேலேயே நடந்திருப்பேன். இதைக் கொடுங்க. இதைக் கையில எடுத்தா ஒத்தி முடிஞ்சுரும், வீடு ஒண்ணாயிரும், நான் உள்ள வந்துருவேன். சொல்லுங்க அவங்ககிட்ட."

நான் வெறும் அடுப்படியில குத்தவச்சு, சத்தமாச் சொல்லிட்டு, சாவியைத் தள்ளினேன். போச்சு. மனசுக்குள்ள அழகரைக் கும்பிட்டேன். அடுத்த நிமிசம் சாவி தரையில கிரீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டு என் முழங்கால்ல வந்து இடிச்சுது. கூடவே இன்னொரு தாள்: காசு கொடுக்காம வாங்க மாட்டேன்.

நான் சந்துல வீடு வீடா ஓடினேன். நான் வாங்கின கமிஷன்ல மிச்சம் இருந்த அம்பதாயிரத்தை எடுத்தேன். பரமசிவம் ஊர்ல இருந்து பதினஞ்சு அனுப்பினாரு. இசக்கியம்மா தாலிச்சங்கிலியைக் கழட்டிக் கொடுத்துச்சு. டைல்ஸ் போட்ட வீடு, கிரில் போட்ட வீடு, எவன் வீட்டிலயும் ரொக்கமா பத்தாயிரத்துக்கு மேல இல்லை. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணேமுக்கால் லட்சம் சேர்ந்துச்சு. "அக்கா, இது உங்க காசுதான், சந்து கொடுக்குது, இதை எண்ணி தமயந்திக்கிட்ட கொடுங்க, மிச்சம் அப்புறம்"னு கத்தி, பணத்தையும் சங்கிலியையும் சாவியையும் ஒண்ணா வச்சுத் தள்ளினேன். ரொம்ப நேரம் கழிச்சு எல்லாம் திரும்பி வந்துச்சு. நோட்டெல்லாம் ஒரே பக்கமா அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டிருந்துச்சு. தாள்ல ஒரு வரி: பத்திரம் இல்லாம யார் காசும் வேணாம் சோலை.

பத்திரம் எழுத எனக்குத் தெரியும். பேனா சட்டைப் பையிலதான் இருந்துச்சு. சந்து மொத்தத்துக்கும் அக்காவுக்கும் ஒரு பத்திரம் எழுதினா, எந்தச் சுவர் எங்க போகும், யார் யாரை விட்டுப் பிரிவாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். கை வரலை.

மறுபடியும் சாவியைத் தள்ளினேன். இந்தத் தடவை அது திரும்பி வந்தது பாதி தூரம்தான். வாசல்ல இருந்து தமயந்தி தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்துச்சு, "எனக்குக் காசு வேணாம்மா, நீதாம்மா வேணும், வாங்கிக்கோம்மா"ன்னு. உள்ள கேட்டுச்சோ கேட்கலையோ. நான் தவழ்ந்து போய், பாதியில கிடந்த சாவியை எடுத்து இன்னொரு தடவை தள்ளினேன்.

சாவி மறையலை. திரும்பியும் வரலை. தள்ளின இடத்துல, வெறுந்தரையில, என் கண்ணு முன்னாடி அப்படியே கிடந்துச்சு. குழாய் சொட்டுற சத்தமும் நின்னு போச்சு.

வாசல்ல இருந்து தமயந்தி கேட்டுச்சு, "மாமா, வாங்கிட்டாங்களா?"